கணக்கில் வராத செவிகள்

“கைப்பேசியைத் தொட்டால் உலகமே பேசுகிறது. இந்தக் கரகரப்பை எதற்காகச் சாமி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?”

சென்ற மாதம் ஒரு மாலையில், பங்கு இல்லத்துத் திண்ணையில் சிற்றலை வானொலியின் முள்ளை நான் மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தபோது, எம் பங்கின் இளைஞன் ஒருவன் இவ்வாறு கேட்டான். பொறியியல் படித்தவன்; நல்லவன். அவன் செருகி வைத்திருந்த கைப்பேசி மின்னேற்றிதான் அந்தக் கரகரப்பில் பாதிக்குக் காரணம் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. அன்று சிரித்து அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி அவனுடையது அன்று. அவனைவிடப் பெரியவர்கள் முன்பே கேட்டுவிட்ட கேள்வி அது. அவர்கள் கேட்டதோடு நில்லாமல் அதன்படி செய்தும் முடித்துவிட்டார்கள். எனவே மறுமொழியை எழுத்தில் வைக்கிறேன்.

1941ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு, ‘தமிழோசை’ என்னும் பெயரால் நம் இல்லங்களில் ஒலித்து, 2017 ஏப்ரல் 30ஆம் நாள் சிற்றலையில் ஓய்ந்தது. அடுத்த ஆண்டு, 2018 ஜூன் 30ஆம் நாள், நம் சொந்த வீட்டு விளக்கும் அணைந்தது. ஆசிய ஆயர்கள் 1958இல் மணிலாவில் கூடிக் கண்ட கனவின் பயனாக 1969இல் ஒலிக்கத் தொடங்கிய வேரித்தாஸ் ஆசிய வானொலி, சிற்றலையைக் கைவிட்டு இணையத்திற்குக் குடிபெயர்ந்தது. மின்செலவு மிகுதி, கருவிகள் பழையன, இளைஞர் இணையத்தில் இருக்கின்றனர் என்னும் காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் இவற்றோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு காரணம் உண்டு: “கேட்பவர் எவரும் இல்லை.” என் வழக்கு அதனோடுதான்.

கல்லங்குறிச்சியில் என் சித்தப்பா இருந்தார். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். வேப்பமரத்துக்கும் மாட்டுக்கொட்டகை மூங்கிலுக்கும் இடையே செப்புக்கம்பி இழுத்துக் கட்டியிருந்தார். அதன் நுனி ஓட்டுக்கூரையின் இடுக்கு வழியே பிலிப்ஸ் பெட்டிக்குள் இறங்கும். ஊருக்குத் திருச்சி வானொலி போதும். பாட்டுக் கேட்க இலங்கை வானொலி இருந்தது. சித்தப்பாவுக்கு மட்டும் போதவில்லை. பீக்கிங், மாஸ்கோ, மணிலா, இலண்டன் என இரவுதோறும் உலகைச் சுற்றி வருவார். கலியுக வரதராசப் பெருமாள் கோயில் திருவிழா நாள்களில் ஊரெங்கும் ஒலிபெருக்கி முழங்கும்போது, மின்கலப் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு முந்திரிக்கொல்லைக்குப் போய்விடுவார். விடுமுறைக்குச் சென்ற நானும் பின்னாலேயே போவேன்.

அவரிடம் நீளமான கணக்குக் குறிப்பேடு ஒன்று இருந்தது. நாள், நேரம், அலைவரிசை, பிறகு ஐந்து எண்கள். ஒலியின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, வானின் இரைச்சல், ஒலி எழுந்து தாழ்தல், மொத்தத் தரம் என ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். நேரத்தை உலகப் பொதுநேரத்தில் எழுத வேண்டும். நம் கடிகாரத்தில் ஐந்தரை மணியைக் கழிக்க வேண்டும். இரவு ஒன்பதேகாலுக்கு வரும் தமிழோசை குறிப்பேட்டில் 15.45 ஆகிவிடும். பூமி உருண்டை என்று பள்ளியில் படித்தேன். அது உண்மையாகவே உருண்டைதான் என்று இந்தக் கழித்தலில்தான் எனக்கு உறைத்தது. இந்த எண்களோடு, என்ன நிகழ்ச்சி, எவர் பேசினார், என்ன சொன்னார் என்றும் எழுதி நிலையத்துக்கு அனுப்பினால், ‘ஆம், நீர் கேட்டது எம் ஒலிபரப்பே’ என்று உறுதி கூறும் வண்ண அட்டை திரும்பி வரும். உண்மையாகக் கேட்காதவர் அதனைப் பெற இயலாது என்பது அதன் அறம்.

இந்தப் பொழுதுபோக்கைப் புனிதமாக்க நான் விரும்பவில்லை. நேயர் மன்றம் என்று பெயர்ப்பலகை மாட்டி, கேட்காத நிகழ்ச்சிக்குப் புகழ்மாலை எழுதி, நாட்காட்டியும் பேனாவும் பெற்றவர்கள் நம் மாவட்டங்களிலும் இருந்தனர். வல்லரசுகள் சிற்றலையில் அள்ளி இறைத்த பொய்க்கும் அளவில்லை. ஆனால் 1989 ஜூன் மாதத்துப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். தியானன்மென் சதுக்கத்தில் கலகம் அடக்கப்பட்டதென்று பீக்கிங் சொன்னதும், மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்று இலண்டன் சொன்னதும் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, அதே நீல மையில் இருந்தன. கீழே கருத்து எதுவும் இல்லை. அடுத்த சில வாரங்களுக்குப் பீக்கிங்குக்கு எதிரே வழக்கமான ஐந்து எண்கள் இருந்தன. கடிதம் அனுப்பியதற்கான குறி மட்டும் இல்லை. எட்டாம் வகுப்புப் படித்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் தம் மனச்சான்றைப் பயிற்றுவித்துக்கொண்ட முறை இது. குருமடத்தில் ஒழுக்கவியல் படித்த எனக்கு அது வர நாளாயிற்று.

இனி ‘எவரும் இல்லை’ என்னும் வாதத்துக்கு வருகிறேன். சிற்றலை வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கல் தொலைவில் இறங்குகிறது. நடுவே கோபுரமில்லை, நிறுவனமில்லை, மாதக் கட்டணமில்லை. எவர் கேட்கிறார் என்பதை அனுப்புகிறவன் அறிய வழியே இல்லை. அதுவே அதன் பெருமை. அதுவே அதன் அழிவுக்கும் காரணமாயிற்று. இணையத்தில் ஒருவர் ஒருமுறை தொட்டால் எண் ஒன்று ஏறுகிறது. கல்லங்குறிச்சித் திண்ணையில் சித்தப்பாவைச் சுற்றி அமர்ந்து கேட்ட ஒன்பது பேர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவர் கடிதம் எழுதினார், ஆகவே ஒருவர். எழுதத் தெரியாத மற்றவர்கள் ‘இல்லாதவர்கள்’.

கடல் கடந்தும் பாருங்கள். 1990களில் மின்சாரமும் மின்கலமும் மறுக்கப்பட்ட யாழ்ப்பாணத்தில், நம் தமிழ் மக்கள் மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து பெற்ற மின்சாரத்தில் வானொலி கேட்டனர். ஒருவர் சுற்ற, பலர் கேட்பர். இவர்களை எண்ணியவர் யார்? இரண்டாம் உலகப்போரில் பெர்லின் வானொலி, சிறைப்பட்ட அமெரிக்க வீரர்களின் பெயரையும் வீட்டு முகவரியையும் தன் பரப்புரையின் நடுவே வாசித்தது. அமெரிக்காவில் இரவில் விழித்திருந்து சிற்றலை கேட்டவர்கள் அவற்றைக் குறித்துக்கொண்டு, முன்பின் அறியாத தாய்மார்களுக்கு ‘உம் மகன் உயிரோடிருக்கிறான்’ என்று அஞ்சலட்டை எழுதினர். வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று ஏளனம் செய்வோர் அந்தத் தாய்மாரை நினைத்துக்கொள்வது நல்லது.

அதெல்லாம் பழங்கதை என்பீர்கள். 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டபோது, பி.பி.சி. சிற்றலையில்தான் இந்தி ஒலிபரப்பை நீட்டித்தது. உருதுவில் புதிய நிகழ்ச்சியும் தொடங்கியது. 2022 மார்ச்சில் உக்ரைனுக்காக மீண்டும் இரு சிற்றலை அலைவரிசைகளைத் திறந்தது. செத்ததென்று சொல்லப்பட்டதைத் துன்பம் வந்ததும் எழுப்பினார்கள். காஷ்மீருக்காக நீட்டித்த ஐந்து மாதங்களுக்குப்பின், 2020 ஜனவரி இறுதியில், இந்திச் சிற்றலையும் நிறுத்தப்பட்டது என்பது வேறு கதை. அந்த இந்தி ஒலிபரப்பு 2011இலேயே நிறுத்தப்படவிருந்தது. மார்க் டல்லி போன்றோரின் குரலால் அன்று பிழைத்தது. தமிழுக்கு 2017இல் அவ்வளவு பெரிய குரல் எழவில்லை. நானும் எழுப்பவில்லை. ஒரு கடிதம் எழுத எனக்கு நேரமில்லாமற் போயிற்று.

அதே 2017இன் நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலிருந்து கரைவிட்டு வெகுதொலைவு சென்றிருந்த நம் மீனவர்களை எந்தக் கைப்பேசியும் எட்டவில்லை. சிற்றலை ஒலிபரப்பு இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை; அது வேறு துறையினரின் பொறுப்பு, வேறு வகைக் கருவி. ஆனால் ‘இன்று எல்லாரிடமும் கைப்பேசி இருக்கிறது’ என்று நாம் சொல்லும்போது, அந்த ‘எல்லாரில்’ ஆழ்கடலில் நிற்கும் கத்தோலிக்க மீனவன் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

1931 பெப்ருவரி 12ஆம் நாள், மார்க்கோனியே அமைத்துத் தந்த வத்திக்கான் நிலையத்தில் பதினோராம் பத்திநாதர் சிற்றலையில் பேசியபோது, எத்தனை பேர் கேட்பர் என்று எவரிடமும் கணக்கு இருந்ததில்லை. 1981இல் இரண்டாம் அருள் சின்னப்பர் மணிலாவின் வேரித்தாஸ் வழியே ஆசிய மக்கள் அனைவருக்கும் செய்தி கூறியபோதும் இருந்ததில்லை. நூறு ஆடுகளை எண்ணிய ஆயன் எண்ணியது, காணாமற்போனது எது என்று அறிவதற்காக. நாமோ எண்ணுக்குள் அகப்படாததை இல்லை என்று தள்ளுவதற்காக எண்ணுகிறோம். செலவு தாங்கவில்லையென்றால் செலவு தாங்கவில்லை என்று சொல்லுங்கள். நான் தலைகுனிந்து ஏற்பேன். கேட்டுக்கொண்டிருந்தவனைப் பார்த்து ‘நீ இல்லை’ என்று சொல்லாதீர்கள்.

சித்தப்பா 2021இல் இறந்தார். அவருடைய கடைசிக் குறிப்பேடு என் மேசைமேல் இருக்கிறது. 2018 ஜூன் 30க்கு எதிரே மணிலாவின் ஐந்து எண்கள், எல்லாம் நான்கு. ஜூலை 1க்கு எதிரேயும் அதே நேரம், அதே அலைவரிசை. எண்களுக்குப் பதில் ‘இரைச்சல் மட்டும்’ என்று எழுதியிருக்கிறார். ஜூலை 2, அப்படியே. இவ்வாறு ஆகஸ்டு நடுப்பகுதி வரை.

கேள்வி கேட்ட தம்பிக்கு: வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் வா. பங்கு இல்லத்து வேம்பில் புதிய கம்பி கட்ட வேண்டும். எனக்கு ஏணியில் ஏற முடியவில்லை. மின்னேற்றியை வீட்டில் வைத்துவிட்டு வா.