'ஷேர்' என்னும் சொல்

ஆங்கிலத்து 'ஷேர்' வெட்டுதலைக் குறித்த பழஞ்சொல்லின் வழிவந்தது; ஏரின் கொழுவிற்கும் அம்மொழியில் அதுவே பெயர். நம் 'பங்கு', 'பகிர்வு' என்பனவும் 'பகு' என்னும் அடியிற் பிறந்தவையே.

அடுத்த வீட்டிற்குக் குழம்பு கொடுத்தனுப்பும் பகிர்வைத் தோட்ட மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உடைமையில் பங்கு என்னும் மற்றைப் பொருளையே நாம் காலந்தாழ்த்திக் கற்றோம். நாடு விடுதலை பெற்றபின் வெள்ளைக்கார முதலாளிகளின் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அந்நிலையில்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் சீவியோர் மாதம் 10 வெள்ளி செலுத்திப் பங்குதாரராயினர். மறு ஆண்டே, நம் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. வெள்ளைக்காரரிடம் கூலி வாங்கிய கைகளுக்கு அஃது எளிய செயலன்று!

'ஷேர்' என்றால் மிட்டாயைப் பகிர்தல் என்று நம் மாணவர் எழுதுவர், பிழையன்று. ஆயினும், தாத்தாவின் பெட்டியில் பங்குச் சான்றிதழ் கிடப்பின், பெற்றோர் அதனையும் அவர்களுக்குக் காட்டுதல் வேண்டும். உறுப்பினர் மறைந்திருப்பின், வாரிசின் பெயர் பதிவாகியுள்ளதா எனச் சங்கத்தில் இவ்விடுமுறையிலேயே கேட்டறிக.