கேபினெட்டோடு 'ஃப்ரீ'யாக வரும் எஸ்எம்பிஎஸ்: மிச்சம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு?

கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். வாடகை வீட்டின் ஒரு மூலையில் அவருடைய அசெம்பிள்டு கம்ப்யூட்டர். இரவு பத்தரை மணிக்கு ரெண்டரிங் ஓடிக்கொண்டிருக்கிறது. 80 சதவீதம் தாண்டியதும் திரை சட்டென்று கறுத்துப்போகிறது. மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. மறுபடி ஓட்டினால் மறுபடியும் அதே கதை.

முதலில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுப் பார்ப்பார். பிறகு ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். "கிராஃபிக்ஸ் கார்டுதான் போச்சு மச்சி" என்று நண்பர் சொல்வார். பத்து நாள் கழித்து 'டப்' என்று ஒரு சத்தம், கூடவே கருகிய வாசனை. அதோடு ஹார்டு டிஸ்க்கும் போயிருந்தால், யாரோ ஒருவருடைய முகூர்த்தக் காட்சியும் போய்விட்டது என்று அர்த்தம். அந்தத் தாலி கட்டும் நேரத்தை இன்னொரு தடவை ஷூட் பண்ண முடியாது.

இத்தனைக்கும் காரணம் பெரும்பாலும் மெஷினில் யாருமே கவனிக்காத ஒரு தகரப் பெட்டி: எஸ்எம்பிஎஸ். ப்ராசஸர் எது, எத்தனை ஜிபி ரேம், எந்த கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒரு மாதம் யூடியூப் பார்த்து முடிவு செய்பவர்கள்கூட இதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். பட்ஜெட்டில் கடைசியாக மிஞ்சுவதுதான் இதற்கு. இந்த வழக்கம் மாற வேண்டும்.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது?

சுவரில் வருவது 230 வோல்ட் ஏசி. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பாகங்களுக்குத் தேவை 12, 5, 3.3 வோல்ட் டிசி. இதை மாற்றித் தருவதுதான் எஸ்எம்பிஎஸ்ஸின் வேலை. மாற்றினால் மட்டும் போதாது. லோடு ஏறினாலும் இறங்கினாலும் அந்த வோல்டேஜ் ஆடாமல் நிற்க வேண்டும். டெஸ்க்டாப்புகளுக்கான ஏடிஎக்ஸ் விதிகளில் நீண்டகாலமாக இருக்கும் அளவு, கூடவோ குறையவோ 5 சதவீதம். அதாவது 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

நல்ல எஸ்எம்பிஎஸ் சாகும்போதும் ஒழுங்காகச் சாகும். வோல்டேஜ் எகிறினாலும், ஷார்ட் ஆனாலும், அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தாலும், சூடு ஏறினாலும் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்புகள் அதற்குள் உண்டு. மட்டமானதில் இவற்றில் சில இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். அது போகும்போது மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போவது அதனால்தான்.

பெட்டி மேல் 450, உள்ளே எவ்வளவு?

சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் சரி, சொந்த ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையாக இருந்தாலும் சரி, கொட்டேஷனில் அடிக்கடி பார்க்கும் ஒரு வரி: 'கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ், 450 வாட்ஸ்'. கம்பெனி பெயர் இருக்காது, மாடல் எண்ணும் இருக்காது. "450 வாட்ஸ் சார், தாராளமா தாங்கும்" என்ற உறுதிமொழி மட்டும் இருக்கும்.

அந்த 450 உண்மையா என்று தெரிந்துகொள்ள இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதை 12-ஆல் பெருக்கினால் போதும். 16 ஆம்பியர் என்றிருந்தால் 192 வாட்ஸ்தான் அதன் உண்மையான பலம். 550 வாட்ஸ் பெட்டி ஒன்றில் 45 ஆம்பியர் என்றிருந்தால் 540 வாட்ஸ். அது நேர்மையான பெட்டி.

12 வோல்ட் ஏன் அவ்வளவு முக்கியம்? 1990-களின் கம்ப்யூட்டர்கள் 5, 3.3 வோல்ட் லைன்களில்தான் அதிகம் ஓடின. பென்டியம் 4 காலத்துக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. இன்று ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும், அதாவது மெஷினிலேயே அதிகம் தின்னும் இரண்டும், 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. பழைய டிசைனை வைத்துக்கொண்டு, பயன்படாத லைன்களையெல்லாம் கூட்டி '450' என்று எழுதினால், பேப்பரில் கணக்கு சரியாக வரும். ரெண்டரிங் ஓடும்போது சரியாக வராது.

எவ்வளவு வேண்டும்?

மட்டமானதை வாங்கிச் சூடுபட்டவர்கள் அடுத்த முறை 850 வாட்ஸ் வாங்கிவிடுகிறார்கள். அதுவும் தேவையில்லாத செலவு. ஒரு சாதாரணக் கணக்கு: இன்டெல் கோர் ஐ5-12400 ப்ராசஸர் முழு வேகத்தில் ஓடும்போது அதிகபட்சம் 117 வாட்ஸ் வரை எடுக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட்ஸ். மதர்போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து 60 என்று வைத்தால் மொத்தம் 350-க்குள். அந்தக் கார்டுக்கு என்விடியா சொல்லும் எஸ்எம்பிஎஸ் அளவு 550 வாட்ஸ். நொடிக்குள் வந்து போகும் திடீர் ஏற்றத்துக்கும், பின்னால் ஒரு டிஸ்க் சேர்க்கவும் அந்த இடைவெளி போதும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டே இல்லாமல் எக்செல், பிரவுசர், ஆன்லைன் கிளாஸ் என்று ஓடும் மெஷினுக்கு நல்ல கம்பெனியின் 400 அல்லது 450 வாட்ஸ் தாராளம். ஸ்டிக்கரில் பெரிய எண் போட்ட பெயர் தெரியாத பெட்டியைவிட, சின்ன எண் போட்ட நல்ல பெட்டி எவ்வளவோ மேல்.

பிரான்ஸ், கோல்டு: எதற்குச் சான்று?

2004-இல் தொடங்கிய '80 பிளஸ்' என்ற சான்றிதழ் இப்போது எல்லாப் பெட்டியிலும் தெரிகிறது. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பாகங்களுக்குப் போகிறது, எவ்வளவு சூடாக வீணாகிறது என்பதற்கான சான்று இது. 115 வோல்ட் சோதனையில், பாதி லோடில் பிரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90 சதவீதம் திறன் காட்ட வேண்டும்.

300 வாட்ஸ் தேவைப்படும் மெஷின் பிரான்ஸில் சுமார் 353 வாட்ஸ் இழுக்கும். கோல்டில் சுமார் 333. வித்தியாசம் 20 வாட்ஸ். தினம் 8 மணி நேரம், மாதம் 25 நாள் இப்படியே ஓட்டினாலும் மிச்சம் 4 யூனிட்தான். கரன்ட் பில் குறையும் என்பதற்காக மட்டும் கோல்டு வாங்க வேண்டியதில்லை. சூடும் ஃபேன் சத்தமும் குறையும் என்பதுதான் நம்ம ஊர் வெயிலில் உண்மையான லாபம்.

ஆனால் ஒன்று: இந்தச் சான்றிதழ் திறனைப் பற்றித்தான் பேசுகிறது. வோல்டேஜ் ஆடாமல் நிற்கிறதா, ஷார்ட் ஆனால் நிற்குமா என்பதற்கு அது உத்தரவாதம் தராது. அதற்கு வாரன்டியைப் பார்க்கலாம். 5, 7, 10 வருஷம் என்று தரும் கம்பெனி, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் அதுவரை தாங்கும் என்று தன் பணத்தைப் பந்தயம் கட்டுகிறது. ஒரு வருஷம் மட்டும் தருபவருக்கே தன் பொருள்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

எப்போது மாற்ற வேண்டும்?

சும்மா இருக்கும்போது ஒழுங்காக ஓடி, கேமிலோ ரெண்டரிங்கிலோ லோடு ஏறியதும் நின்றால் எஸ்எம்பிஎஸ்மேல் முதலில் சந்தேகப்படலாம். காலையில் பட்டனை இரண்டு மூன்று தடவை அழுத்தினால்தான் ஆன் ஆகிறது, ஃபேன் கரகரவென்று சத்தம் போடுகிறது, கருகிய வாசனை வருகிறது என்றால் தள்ளிப்போட வேண்டாம். வாசனை வந்த பெட்டியை 'இன்னும் ஓடுதே' என்று ஓட்டுவது ஆபத்து.

கடைகளில் ஒரு பேப்பர் கிளிப்பை மாட்டி, ஃபேன் சுற்றுவதைக் காட்டி, "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்பார்கள். லோடே இல்லாமல் ஃபேன் சுற்றினால், ஃபேன் சுற்றுகிறது என்பது மட்டும்தான் தெரியும். லோடு ஏறும்போது மல்டிமீட்டரில் 12 வோல்ட் லைனைப் பார்ப்பது ஒரு வழி. நண்பரிடமிருந்து ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி, ஒரு நாள் மாட்டி ஓட்டிப் பார்ப்பது அதைவிடச் சுலபம்.

கெப்பாசிட்டருக்குச் சூடு ஆகாது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. காற்றே போகாத மேஜை அறைக்குள் மெஷினைத் தள்ளி வைத்து, தூசியையும் சேரவிட்டால், நல்ல பெட்டியும் சீக்கிரம் போகும்.

மாற்றும்போது செய்யக்கூடாதவை

பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்துவிட்டு, பின்பக்கம் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் பழைய பெட்டி வெளியே வந்துவிடும். அதைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். பிளக்கை எடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் தங்கலாம்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது கேபிளில். கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில், 'வயர் எல்லாம் ஏற்கெனவே உள்ளே ஓட்டியிருக்கே' என்று பழைய கேபிளையே புதுப் பெட்டியில் செருகிவிடுவார்கள். பெட்டிப் பக்கத்து பின் வரிசைக்குப் பொதுவான விதி கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்கூட மாறலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிஸ்க் அந்த நொடியே காலி. புதுப் பெட்டியோடு வந்த கேபிளைத்தான் போட வேண்டும்.

ப்ராசஸருக்கான 8 பின்னும் கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். ஆனால் வயர்கள் தலைகீழ். செருகாத இடத்தில் அழுத்தித் திணிக்கக் கூடாது. பழைய மாடல்களில் பின்னால் 115/230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். அது 230-இல் இருக்க வேண்டும். சில பிராண்டட் டெஸ்க்டாப்புகளில் சொந்த அளவிலும் சொந்த கனெக்டரிலும்தான் எஸ்எம்பிஎஸ் வரும். வாங்கப் போகும் முன் மூடியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

சுவருக்குப் பின்னால் இருக்கும் பிரச்சினை

கேபினெட்டைத் தொட்டால் 'ஜிவ்வு'ன்னு லேசாக ஷாக் அடிக்கிறது என்பது வாடகை வீடுகளில் வழக்கமான புகார். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினாலும் பெரும்பாலும் இது தீராது. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கொஞ்சம் கரன்டை எர்த் வயருக்கு அனுப்பும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சுவரில் மூன்று ஓட்டை இருந்தும் பின்னால் எர்த் வயரே இல்லையென்றால், அந்தக் கரன்ட் கேபினெட்டில் நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யச் சொல்லி ஹவுஸ் ஓனரிடம் கேட்பது உரிமை. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது யூபிஎஸ். கடைகளில் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும். கேமிங் மெஷின் முழு லோடில் இருக்கும்போது கரன்ட் போனால் அது கீச்சிட்டு அணைந்துவிடும். விலை குறைந்த யூபிஎஸ்களின் மின்னலை சுத்தமான சைன் வேவ் அல்ல. இப்போதைய சில எஸ்எம்பிஎஸ்கள் அதோடு ஒத்துப்போகாமல் நின்றுவிடும். வீட்டு இன்வர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடுகிறது, கரன்ட் போகும்போதெல்லாம் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், இன்வர்ட்டரில் 'யூபிஎஸ் மோட்' ஸ்விட்ச் இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். ஐந்து பைசா செலவில்லாமல் தீரும் பிரச்சினை அது.

கொட்டேஷனில் ஒரு வரி

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாக இருக்காது. நான்கு கடை ஏறி, எது மிகக் குறைந்த கொட்டேஷனோ அதை எடுக்கும் வாடிக்கையாளருக்கு, கண்ணில் படாத பாகத்தில் குறைத்துத்தான் அவர்களும் கணக்கைச் சரிக்கட்ட முடியும். கேபினெட்டில் ஏழு கலரில் லைட் எரியவில்லை என்றால் கேள்வி வரும். எஸ்எம்பிஎஸ் எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்பதில்லை.

அதைக் கேட்கத் தொடங்கினால் போதும். கம்பெனி பெயர், மாடல் எண், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர், எத்தனை வருஷ வாரன்டி: இந்த நான்கும் கொட்டேஷனிலும் பில்லிலும் எழுத்தில் இருக்க வேண்டும். கேபினெட் தனி, எஸ்எம்பிஎஸ் தனி என்று விலை போடச் சொல்ல வேண்டும். இரண்டாயிரம், மூவாயிரம் கூடலாம். லைட் எரியும் ஃபேன் மூன்றைக் குறைத்தால் அதில் பாதி வந்துவிடும்.

ப்ராசஸரும் ரேமும் கொஞ்சம் பழசானால் வேகம்தான் குறையும். எஸ்எம்பிஎஸ் மட்டமாக இருந்தால் மொத்த மெஷினும், அதற்குள் சேர்த்துவைத்த வேலையும் பணயம். அந்த எடிட்டருக்கு எஸ்எம்பிஎஸ்ஸைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம், டிஸ்க்கையும் வாங்கிக்கொள்ளலாம். பேக்கப் எடுக்காத முகூர்த்தக் காட்சியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.