குரோட்டன்ஸ் செத்துப்போச்சு, அம்மாவிடம் சொல்லவில்லை

டெல்லிக்கு மாற்றலாகி வந்தபோது செய்த முட்டாள்தனத்தை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். கும்பகோணம் வீட்டு வாசலில் அம்மா வளர்க்கும் குரோட்டன்ஸில் நாலு குச்சி, இட்லிப்பூ கன்று ஒன்று, ஈரத்துணியில் சுற்றி ரயிலில் கொண்டு வந்தேன். குவார்ட்டர்ஸில் தரைத்தளம், முன்னால் பத்துக்குப் பன்னிரண்டடி மண். ஆசை யாரை விட்டது?

மழைக்காலம் முழுக்க குரோட்டன்ஸ் சிவப்பும் மஞ்சளுமாய் தளதளவென்று நின்றது. ஜனவரியில் நாலைந்து டிகிரி குளிர் அடித்தது பாருங்கள், பத்தே நாளில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சி. இட்லிப்பூவும் கூடவே போய்ச்சேர்ந்தது.

"குரோட்டன்ஸ் எப்படிடா இருக்கு?"

"ஜோரா இருக்கும்மா."

அடுத்த குளிர்காலத்தில் அக்கம்பக்கத்தைப் பார்த்து நாங்களும் பெட்டூனியா, காலண்டுலா என்று இருபது தொட்டி வாங்கினோம். பிப்ரவரியில் கண்ணைப் பறித்தது, பொய் சொல்லக்கூடாது. ஏப்ரல் வெயிலில் எல்லாம் சருகு. சம்பளம் வந்த பத்தாம் தேதியே கணக்கு காலியாவது போல. பேங்க்காரனுக்கு இது ஒத்துவராது :-)

என் கட்சி இதுதான். வடக்கே இருக்கும் நம்மவர்கள் செடி வாங்க நர்சரிக்குப் போகுமுன், ஜூன் மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு ரோட்டு நடுத்திட்டில் என்ன பூத்திருக்கிறது என்று பாருங்கள். காகிதப்பூ, அரளி, மஞ்சள் டெகோமா. 45 டிகிரியில் யாரும் கவனிக்காமலே பூப்பதுதான் நம்மைப் போன்ற சோம்பேறிகளுக்குச் சரி. இதில் அரளியை நான் தள்ளிவிட்டேன். இலை, பூ, விதை அத்தனையும் விஷம்; பக்கத்து வீட்டுக் குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயது.

காகிதப்பூவில் ஒரு சூட்சுமம். நாம் பூ என்று நினைக்கும் கலர் எல்லாம் இலைதான். நடுவில் வெள்ளையாய்த் துளியூண்டு இருப்பதே பூ. தங்கமணி பாசத்தோடு தினம் ஒரு வாளி ஊற்றியதில் வெறும் பச்சையாய்த் தழைத்தது. தண்ணீரைக் குறைத்தபிறகுதான் ராணி கலரில் பொங்கியது. கூடவே ஹமீலியா ஒன்று. ஆரஞ்சுக் குழல் பூ, காலையில் தேன்சிட்டு வருகிறது. இதை ஏன் நம் ஆட்கள் அதிகம் வைப்பதில்லை என்று புரியவில்லை.

வருகிற மே மாதத்தோடு மூன்று வருடம், அடுத்த மாற்றல். "ஏங்க, இதெல்லாம் யாருக்கு?" என்கிறாள் தங்கமணி. முன்பு இங்கே இருந்த பீகார்க்காரர் வைத்த பவழமல்லியைத்தான் அவள் இப்போது தினமும் பொறுக்கி சாமிக்கு வைக்கிறாள். அதைச் சொன்னேன், பதில் இல்லை.

தீபாவளிக்கு அம்மா வருகிறாள். நர்சரியில் குரோட்டன்ஸ் தொட்டி இருக்கிறது, வாங்கி வாசலில் வைத்துவிடலாமா என்று யோசனை. "இலை வேற மாதிரி இருக்கு, அத்தை பார்த்ததும் கண்டுபிடிச்சிடுவாங்க" என்கிறாள்.