மேடைக் கல்லும் சுவர் ஓடும்



இராசிபுரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து இல்லத்தரசி ஒருவர் எழுதியுள்ள மடலுக்கு இம்மாதம் விடை கூற விழைகின்றேன். புது வீட்டின் சமையலறைச் சுவருக்கென்று வெளிர்பச்சை நிறத்தில் இலைக்கொடி போட்ட டைல்ஸ் விலை குறைவாகக் கிடைத்ததாம். அதை முன்னதாகவே வாங்கி அடுக்கி வைத்துவிட்டார்கள், இன்னும் ஒட்டவில்லை. அதற்கு இசைவாகச் சமையல் மேடைக்கு எந்தக் கல்லைப் போடுவது என்பதில்தான் இப்போது வீட்டில் மூன்று கட்சிகள். கணவருக்குப் பளபளக்கும் கறுப்பு கிரானைட் வேண்டும். பெங்களூரில் பணிபுரியும் மகனுக்கு வெள்ளை குவார்ட்ஸ் வேண்டும். மாமியாரோ, "கடப்பைக் கல்லே போதும்; மிச்சப் பணத்தில் கடனை அடையுங்கள்" என்கிறாராம். "சாமி, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மூவரும் கேட்பார்கள்" என்று முடித்திருக்கிறார்.

கல்லைப் பற்றிய கேள்வியைக் கொத்தனாரிடம் கேட்காமல் குருவானவரிடம் கேட்பானேன் என்று சிலர் நகைக்கலாம். ஆனால் இல்லங்களை மந்திரிக்கச் செல்பவன் எல்லார் வீட்டு அடுப்படியையும் காண்கிறான். பத்தாண்டு கழித்து அதே அடுப்படி என்ன கோலத்தில் இருக்கிறது என்பதையும் காண்கிறான். அந்த உரிமையில் எழுதுகின்றேன்.

நம் பாட்டிமார் காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. மண் அடுப்பு தரையில் இருந்தது. அம்மி, ஆட்டுக்கல், உரல் யாவும் தரையிலேயே இருந்தன. சமைப்பவரும் குந்தியே சமைத்தார். மண்ணெண்ணெய் ஸ்டவ்வும், பின்னர் எரிவாயு அடுப்பும் வந்த பிறகே நின்று சமைக்கும் மேடை நம் வீடுகளில் பரவிற்று. மேடை வந்ததும் அதன் பின்சுவரில் எண்ணெயும் குழம்பும் தெறித்தன. அதைத் துடைத்தெடுக்க வழவழப்பான ஓடு வேண்டியதாயிற்று. ஆகவே மேடைக் கல்லும் சுவர் ஓடும் ஒரே வேலைக்காரரின் இரு கைகள் எனலாம். இரண்டும் சேர்ந்து உழைக்க வேண்டும். அதன் பின்னரே சேர்ந்து அழகு தர வேண்டும்.

கல்லின் குணம்

கல்லுக்குப் பஞ்சமில்லாத மண் நம்முடையது. நாமக்கல் என்னும் பேரிலேயே கல் இருக்கிறது. ஊர் நடுவே நிற்கும் கோட்டை மலை ஒரே பாறையாகும். சேர்வராயன் மலையின் பாறை வகைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறையில் பதித்த கல் அவ்வகையைச் சேர்ந்ததாகையால், ஹாலந்து என்னும் நிலவியலார் 1893-ஆம் ஆண்டில் அப்பெயரைச் சூட்டினார். அக்கல்லறைக் கல் சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்தது என்பர். கடைகளில் விற்கும் கிரானைட் பலகைகளிலும் பல நம் அண்டை மாவட்டங்களில் வெட்டப்படுபவையே. கிருஷ்ணகிரியின் வண்ணக் கல் 'பாரடைசோ' என்ற பெயரில் கடல் கடந்து செல்கிறது. 'காஷ்மீர் ஒயிட்' என்பதுகூட காஷ்மீரத்துக் கல் அன்று. நம் மதுரைப் பக்கத்துக் கல்லே. ஆகையால் பெயரைக் கேட்டு மயங்காமல் குணத்தைக் கேட்டு வாங்குக.

நம் சமையலறையில் கல்லுக்கு நேரும் சோதனைகள் நான்கு. புளியும் எலுமிச்சையும் தரும் புளிப்பு முதலாவது. மஞ்சளும் எண்ணெயும் இடும் கறை இரண்டாவது. அடுப்பிலிருந்து இறக்கும் பாத்திரத்தின் சூடு மூன்றாவது. கத்தியின் கீறலும் கிரைண்டரின் பாரமும் நான்காவது.

கடப்பைக் கல் ஆந்திரத்துக் கடப்பை, கர்நூல் பகுதிகளிலிருந்து வருவது, விலை குறைந்தது. கறுப்பாயிருப்பதால் மஞ்சள் கறையை மறைக்கும். ஆனால் அது சுண்ணாம்புக் கல் இனத்தைச் சேர்ந்தது. புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் பட்ட இடம் மெருகு போய் வெளிறும். கத்தி பட்டால் கீறலும் விழும். சலவைக் கல்லும் இதே இனமாகையால் அதற்கும் இதே கதி. வெண்மையாதலால் மஞ்சள் கறையும் சேர்ந்துகொள்ளும். மொசைக் மேடையில் சிமெண்டு இருப்பதால் அதையும் புளிப்பு சிறுகச் சிறுகத் தின்னும்.

கிரானைட் அவ்வாறன்று. எலுமிச்சையும் புளியும் அதை எளிதில் அரிக்கமாட்டா. கத்திக்கும் அது கடினமானது. எனினும் எல்லா கிரானைட்டும் ஒன்றல்ல. வெளிர்நிற வகைகளில் நுண்துளைகள் மிகுதி. எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சிக்கொள்ளும். முன் சொன்ன காஷ்மீர் ஒயிட்டில் காணும் சிவப்புப் பொட்டுகள் நாளடைவில் துருப்பிடித்ததுபோல் பரவுவதும் உண்டு. அத்தகைய கல்லைப் போட்டால் கறை தடுக்கும் பூச்சை அவ்வப்போது இட்டுவர வேண்டும். கரிய வகைகள் நெருக்கமானவை, குறைவாகவே உறிஞ்சும். வணிகர் கறுப்பு கிரானைட் என்பது பெரும்பாலும் டாலரைட் போன்ற வேறு இனக் கருங்கல்லே. ஆயினும் மேடைக்கு அது மிக நல்லது.

மகன் விரும்பும் குவார்ட்ஸ் மலையில் வெட்டிய கல் அன்று. அரைத்த குவார்ட்ஸ் துகளைப் பிசினோடு கலந்து ஆலையில் அழுத்திச் செய்த பலகை. கறை எளிதில் ஏறாது. நிறமும் ஒரே சீராக இருக்கும். ஆனால் அதில் உள்ள பிசின் ஏறக்குறைய 150 பாகை சூட்டுக்கு மேல் தாங்காது. வடை பொரிக்கும் எண்ணெயோ 180 பாகையை எட்டும். அந்த வாணலியை இறக்கி நேரே மேடைமேல் வைத்தால் மஞ்சளாகக் கருகிய வட்டம் நிலைத்துவிடும். கிரானைட்டும் சூட்டைத் தாங்குமேயன்றி திடீர்ச் சூட்டை விரும்புவதில்லை. பாட்டி வைத்திருந்த பிரிமனையை எந்த மேடையிலும் கைவிடலாகாது.

புளிப்புக்குச் சற்றும் அஞ்சாத கல்லொன்று நம் சேலத்திலேயே உண்டு. கல்சட்டி செய்யும் மாக்கல்லே அது. வத்தக்குழம்பு இரவெல்லாம் இருந்தாலும் கல்சட்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. அமெரிக்காவில் அவ்வினக் கல்லைச் சமையல் மேடைக்கும் பள்ளி ஆய்வுக்கூட மேசைக்கும் போட்டிருக்கிறார்கள். நகத்தால் கீறக்கூடிய மென்மை அதன் குறை. நம் கல் கடைகளில் அது பலகையாகக் கிடைப்பதும் அரிது.

ஓட்டுக்கு ஏற்ற கல்

இனி நிறப் பொருத்தம். இதற்கு ஒரு பொது விதி உண்டு. சுவரிலும் மேடையிலும் ஒன்று பேசட்டும், மற்றது அமைதியாக இருக்கட்டும். ஓட்டில் கொடியும் பூவும் இருந்தால் கல் ஒரே சீராக, பொடிப் புள்ளியோடு இருக்க வேண்டும். கல்லில் அலையும் வரியும் இருந்தால் ஓடு வெறும் ஒற்றை நிறமாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து பேசினால் கண்ணுக்குச் சந்தைக்கடைதான். இரண்டும் ஒரே நிறமாய் இருப்பதும் வேண்டாம். மேடை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமற் போகும்.

ஒரே ஜன்னல் உள்ள சிறு சமையலறையில் சுவர் வெளிராக இருப்பதே நலம். உள்ள வெளிச்சத்தை அது பகிர்ந்து தரும். மேடை கரியதாக இருக்கலாம். மடல் எழுதிய சகோதரி வாங்கிய வெளிர்பச்சை ஓடு இவ்வகையில் நல்லதே. அது கொடி போட்டதாகையால், வரி ஓடும் கல் அதற்கு ஆகாது.

அப்படியானால் கணவர் சொல்லும் மைக்கறுப்புக் கல்லா? இங்கே நம் சீமையின் தண்ணீரை நினைக்க வேண்டும். சேலம், நாமக்கல் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கடினநீர் வரும் இடங்கள் பல. அந்தத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் படலம் பூக்கும். மைக்கறுப்புப் பளபளப்பில் அது பளிச்சென்று தெரியும். குழாயடியில் நாள்தோறும் துடைத்து மாளாது. ஆகையால் பொடிப் புள்ளி கலந்த கருஞ்சாம்பல் அல்லது கரும்பச்சை கலந்த கிரானைட்டே அவர்களுக்கு ஏற்றது. கொடியின் பச்சையோடு அது இசையும்; தண்ணீர்த் திட்டையும் மறைக்கும்.

மாமியாரின் சொல்லையும் தள்ளிவிடலாகாது. வீட்டைக் கட்டிப் பார் என்று நம் முன்னோர் சொன்னது கடனை நினைத்துத்தான். மேடைக்கு மேல் மட்டும் கிரானைட் போட்டு, அடித்தட்டுக்கும் உள் அலமாரித் தட்டுகளுக்கும் கடப்பைக் கல்லைப் போடலாம். அங்கே புளியும் சிந்தாது, பார்ப்பாரும் இல்லை. மாமியாரின் சிக்கனமும் கணவரின் ஆசையும் ஒரே மேடையில் அடங்கிவிடும். மகன் கேட்ட குவார்ட்ஸ் வேண்டாம் என்பதற்குச் சூடு ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் ஒன்றைப் பின்னே சொல்கின்றேன்.

வாங்கும்போதும் பதிக்கும்போதும்

கடைக்குப் போகும்போது ஓடு ஒன்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். பிடித்த கல்லில் ஒரு துண்டை வாங்கி வந்து, உங்கள் சமையலறையில் ஓட்டோடு சேர்த்து வைத்துப் பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். நனைத்தும் பாருங்கள். அத்துண்டின்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு அரை மணி கழித்துத் துடையுங்கள்; மெருகு மங்கினால் அது சுண்ணாம்பு இனக் கல். தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். சில நிமிடங்களில் அவ்விடம் கறுத்தால் உறிஞ்சும் கல். மலிவான கறுப்புக் கல்லுக்குச் சாயம் ஏற்றுவதும் உண்டு. நகச்சாயம் அகற்றும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேயுங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் அக்கல்லை விட்டுவிடுங்கள்.

மேடைக்கு வேண்டிய பலகைகள் யாவும் ஒரே பாறையில் அறுத்தவையாக இருக்கட்டும். ஓட்டுப் பெட்டிகளிலும் ஒரே தொகுதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். தொகுதி மாறினால் நிறமும் சற்று மாறும். பத்து ஓடுகள் மிகுதியாக வைத்திருப்பது பின்னாளில் உதவும்.

முதலில் மேடைக் கல்லைப் பதித்து, அதன்மேல் ஓடு வந்து அமர வேண்டும். அவ்வாறு செய்தால் சுவரில் வழியும் நீர் மேடைமேல் விழும். மாறிச் செய்தால் கல்லுக்குப் பின்னே இறங்கிச் சுவரை ஊறவைக்கும். ஓடும் கல்லும் கூடும் மூலையில் சிமெண்டுக்குப் பதில் சிலிக்கான் பசை இடுக. அடுப்புக்குப் பின்னுள்ள ஓட்டு இடுக்குகளுக்கு எபாக்ஸி பூச்சு நல்லது. சிமெண்டுப் பூச்சு எண்ணெயைக் குடித்துக் கறுத்துப்போகும். ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் அறவே வேண்டாம்.

பதினெட்டு மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ எடை உள்ளது. இருபது சதுர அடி மேடை என்றால் தொண்ணூறு கிலோ. அதன்மேல் கிரைண்டர் வேறு. ஆகவே சிங்குக்கும் அடுப்புக்கும் வெட்டும் இடங்களின் அடியில் தாங்குகல் இருக்க வேண்டும். விரிசல் முதலில் விழுவது அங்கேதான். மேடையின் உயரத்தைக் கொத்தனாரின் வழக்கத்துக்கு விட்டுவிடாதீர்கள். சமைப்பவர் நின்று முழங்கையை மடக்கினால், அதற்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை அமைவது முதுகுக்கு இதமாகும்.

கல் அறுப்பவரின் மூச்சு

இறுதியாக, அந்தப் பெரிய காரணம். கல்லை இயந்திரத்தால் அறுக்கும்போது வெண்புகைபோல் தூசி எழும்புகிறது அல்லவா? அதில் சிலிக்கா என்னும் நுண்துகள் உண்டு. மூச்சோடு உள்ளே போன துகள் நுரையீரலில் தங்கி அதை வடுவாக்கிக் கெட்டிப்படுத்துகிறது. சிலிக்கோசிஸ் என்னும் அந்நோயைத் தடுக்க முடியும். வந்தபின் குணமாக்க மருந்து இல்லை. காசநோயும் அவர்களை எளிதில் பற்றும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இத்துகளைப் புற்றுநோய் விளைவிப்பது என்று 1997-இல் வகைப்படுத்தியது.

கிரானைட்டில் சிலிக்கா பாதிக்கும் குறைவு. ஆலையில் செய்த குவார்ட்ஸ் பலகைகள் பலவற்றில் அது நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். அவற்றை அறுத்த இளந்தொழிலாளர் பலர் சில ஆண்டுகளிலேயே மூச்சுத் திணறி விழுந்ததைக் கண்ட ஆஸ்திரேலிய நாடு, 2024 சூலை முதல் நாளிலிருந்து அப்பலகைகளைத் தடைசெய்துவிட்டது. நம் நாட்டில் அவை கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. தலையில் துண்டு கட்டி, மூக்கை அதன் நுனியால் மூடி, உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அறுக்கும் பிள்ளைக்கு இச்செய்தியை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாம் செய்யக்கூடியது எளியது. கிரானைட்டே ஆயினும், ஓடே ஆயினும், தண்ணீர் ஊற்றியபடியே அறுக்கச் சொல்லுங்கள். ஒருவர் பக்கத்தில் நின்று குழாயைப் பிடித்தாலும் தூசி பெருமளவு அடங்கும். வீட்டுக்குள் அறுக்க விடாமல் வெளியில் அறுக்கச் செய்யுங்கள். சிறு குழந்தைகளை அப்பால் அனுப்புங்கள். துணி போதாது, நுண்தூசி தடுக்கும் முகமூடி வாங்கிக் கொடுங்கள். சேறு காயுமுன் கழுவிவிடுங்கள். காய்ந்தால் அது மீண்டும் தூசியே. வேலை சற்றுத் தாமதமாகும், அரை நாள் கூலி கூடும். அதைக் கணக்குப் பாராதிருங்கள். மே முதல் நாளில் தொழிலாளரான புனித சூசையப்பரைக் கொண்டாடும் குடும்பங்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

மேடை நம் வீட்டில் ஐம்பது ஆண்டுகள் இருக்கலாம். அதை அறுத்தவரும் அத்தனை ஆண்டுகள் தம் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தோடும் விலையோடும் இதையும் ஒரு பொருத்தமாகப் பாருங்கள்.

உங்கள் அடுப்படிகள் நிறைந்திருப்பனவாக.