எண்ணெய் விளையிற ஊர்ல எண்ணெய் இல்ல

நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? மலேசியாவில் வணிகத்துக்காக முதன்முதலாகச் செம்பனை நட்டது எங்கே? எங்க பக்கத்தில்தான். 1917-இல், பத்தாங் பெர்ஜுந்தாய் தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்தது. அதற்கப்புறம் கோலசிலாங்கூர் முழுக்க ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குலை வெட்டியதும் தூக்கியதும் நம்ம ஆட்கள். இன்றைக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய அதே ஊரில், ரெண்டரை வெள்ளி பாக்கெட் எண்ணெய்க்கு நாம் கடை கடையாக ஏறி இறங்குகிறோம்.

போன வாரம் ஒரு மளிகைக் கடை. அலமாரியில் 2.50 என்று விலைச்சீட்டு மட்டும் ஒட்டியிருக்கிறது. மேலே காலி. கல்லாவில் இருந்த பையனைக் கேட்டேன். குரலைத் தாழ்த்திச் சொல்கிறான்: "உள்ள இருக்குக்கா. ஆனா வேற சாமான் எடுத்தாதான் தருவோம்."

"ஏன் தம்பி, அப்படி எங்க சட்டம் இருக்கு?"

"முதலாளி சொன்னதுக்கா."

அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அவனும் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளக்காரன்தான். ஆனால் வயிறு எரிகிறது. இந்த எண்ணெய்க்கு மாசம் 60,000 டன் ஒதுக்கி, அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. நம்ம வரிப்பணம். வீட்டுச் சமையலுக்கென்று வருகிற அது உணவுக்கடைக்கும் எல்லை தாண்டியும் போகிறது என்று பிடிபடுகிற செய்தி வந்துகொண்டே இருக்கிறது. நமக்கு மிஞ்சுவது போத்தல் எண்ணெய், ரெண்டு மடங்குக்கு மேல் விலை.

அரிசியும் இதே கதைதான். தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். உள்நாட்டு வெள்ளை அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை கிலோ 2 வெள்ளி 60 காசு. 2023 செப்டம்பர் 1-இல் அரிசி இறக்குமதி செய்கிற பெர்னாஸ் நிறுவனம் அதன் விலையை டன்னுக்கு 2,350-இலிருந்து 3,200 வெள்ளியாக ஏற்றியதும் என்ன நடந்தது? உள்நாட்டு அரிசி கடையிலிருந்தே காணாமல் போனது! நெல் விளையிற மாநிலத்தில், இறக்குமதி அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தோம். வயல் அப்படியேதான் இருந்தது. அரிசி எங்கே போச்சு என்று ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

மீன்? பாசிர் பெனம்பாங் படகுத்துறை இங்கேதான். கானாங்கெளுத்தி விலையைக் கேட்டுவிட்டு எத்தனை பேர் பேசாமல் நகர்ந்து போகிறார்கள், பாருங்கள். கோழி மானியம் 2023 நவம்பரில் போனது, முட்டை மானியம் 2025 ஆகஸ்டில் போனது. சாரா உதவியாக மைகார்ட்டில் 100 வெள்ளி கொடுத்தார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பசார் மாலாம் மீன்காரரிடம் மைகார்ட்டை நீட்ட முடியுமா?

தோட்டத்தில் இருந்தவரைக்கும் முருங்கைக்கீரைக்கு யார் காசு கொடுத்தது? லயத்துக்குப் பின்னால் கறிவேப்பிலை, கத்தரி, நாலு கோழி, முடிந்தவர்களுக்கு ஒரு ஆடு. கையில் காசில்லாத வாரம் தோட்டத்துக் கடையில் 555 கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள், சம்பளத்தன்று கழியும். அந்தக் கடனிலும் கொடுமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, நம்மை அடுக்குமாடியில் ஏற்றியபோது, லயத்துக்குப் பின்னால் இருந்த அந்தத் துண்டு நிலமும் போனது. இப்போது ஒரு கொத்து கறிவேப்பிலையும் காசு. வீட்டில் விளைந்ததெல்லாம் பில்லில் ஏறியது. சம்பளம் அந்த வேகத்தில் ஏறியதா?

ஒன்று மட்டும் செய்யுங்கள். வேறு சாமான் எடுத்தால்தான் எண்ணெய் என்று எந்தக் கடையிலாவது சொன்னால், சண்டை போடாமல், கடை பெயரையும் தேதியையும் குறித்து, ரசீது இருந்தால் அதையும் சேர்த்து, உள்நாட்டு வாணிக, வாழ்க்கைச் செலவின அமைச்சுக்குப் புகார் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டேன். நீங்களும் கொடுங்கள்.