ரிம்போவின் வலது முழங்கால்

ஆர்தர் ரிம்போ. பிரெஞ்சுக் கவிதையையே பதினாறு, பதினேழு வயசுல புரட்டிப் போட்ட பையன்.

1854ல் ஷார்ல்வீல் என்ற சின்ன ஊரில் பிறந்தார். வீட்டை விட்டு ஓடினார். பாரிஸ் இலக்கியக்காரர்களிடம் சண்டை பிடித்தார். 1873ல் காதலரும் கவிஞருமான வெர்லேன் சுட்டதில் மணிக்கட்டில் குண்டு வாங்கினார். இருபது வயதை ஒட்டி எழுதுவதையே விட்டுவிட்டார்.

இதை எல்லாரும் எழுதுவாங்க. கூடவே ஒரு வரி சேர்ப்பாங்க: ஆடுன ஆட்டத்துக்கு 37 வயசுல போய்ச் சேர்ந்தார்னு. சிலர் பால்வினை நோய் என்றே முடித்துவிடுவார்கள்.

எனக்கு அந்த வரி மேலதான் கோபம்.

எத்தியோப்பியாவின் ஹராரில் காபி, தோல் வியாபாரம் பார்த்துக்கிட்டு இருந்தவருக்கு (துப்பாக்கியும் விற்றிருக்கிறார்) 1891 தொடக்கத்தில் வலது முழங்காலில் வலி. நரம்புச் சுருட்டு என்று நினைத்து, அதற்கான காலுறை அனுப்பச் சொல்லி அம்மாவுக்குக் கடிதம் போட்டார். ராத்திரி தூக்கம் போச்சு. முட்டி வீங்கிச்சு. கடைசியில் நடக்கவே முடியல.

ஏப்ரலில் 16 பேர் டோலி கட்டித் தூக்கி, சுமார் 300 கிலோமீட்டர் தாண்டி ஸெய்லா துறைமுகத்துக்குக் கொண்டுவந்தாங்க. அங்கிருந்து ஏடன், பிறகு மார்சேய். மே 27 அன்று காலைத் தொடையோடு எடுத்துட்டாங்க. எக்ஸ்ரே கண்டுபிடித்ததே 1895லதான்.

எலும்பில் வந்த புற்றுநோய், அநேகமாக ஆஸ்டியோசார்கோமா என்பதுதான் இன்றைய கணிப்பு. ஓடியாடித் திரியும் வளரிளம் பிள்ளைகளுக்கு, அதுவும் முழங்காலை ஒட்டித்தான் அது அதிகம் வரும். குடிச்சதால வர்றதில்லை. யாரைக் காதலிச்சோம் என்பதால வர்றதில்லை. கவிதை எழுதினதால நிச்சயமா வர்றதில்லை!

இந்த நோய் வந்த பிள்ளைகளின் அம்மாக்கள் இன்னிக்கும் எங்ககிட்ட கேட்பாங்க: "விளையாடறப்ப விழுந்தான் சார், அதனாலயா? நான் கவனிக்காம விட்டுட்டேனா?" இல்லம்மா. விழுந்ததால வலி கண்ணில் பட்டிருக்கும், அவ்வளவுதான். ஆனா ராத்திரியில எழுப்புற முட்டி வலி, குறையாத வீக்கம்னா எண்ணெய் போட்டு நீவாதீங்க. உடனே ஒரு எக்ஸ்ரே எடுங்க. இப்போ கீமோ இருக்கு, பலருக்குக் காலை எடுக்காமலே அறுவை செய்ய முடியுது.

ரிம்போவுக்கு அது எதுவும் இல்லை. கட்டி பரவிடுச்சு, கையும் விழுந்துடுச்சு. தங்கை இசபெல் பக்கத்திலேயே இருந்தார். நவம்பர் 9 அன்று அவரை எழுதச் சொல்லி ஒரு கப்பல் கம்பெனிக்குக் கடிதம் சொன்னார்: என்னை எத்தனை மணிக்குக் கப்பலில் தூக்கி ஏத்தணும்?

மறுநாள் இறந்துட்டார்.