தெல்தோட்டையில் தனித்திருக்கும் முதியோர்: உதவிகள் உண்டு, வழிகாட்டுவார் யார்?

ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்துவிட்டால் தெல்தோட்டையில் ஆகவேண்டிய காரியங்கள் யாவும் தாமாகவே நடந்தேறுகின்றன. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் கேட்கிறது. கபன் துணி வாங்குவது யார், கப்று வெட்டுவது யார் என்பதெல்லாம் முன்னரே தீர்மானிக்கப்பட்டவை. தோட்டப் பகுதிகளில் மரண உதவிச் சங்கத்தின் கதிரைகளும் தறப்பாளும் லயத்து வாசலுக்கு வந்து சேர்கின்றன. அயலிலுள்ள சிங்களக் கிராமங்களிலும் இதே ஒழுங்குதான். மூன்று சமூகங்களிடமும் அங்கத்தவர் பட்டியல் உண்டு, மாதச் சந்தா உண்டு, அழைத்தால் வருவதற்கு இளைஞர்களும் உண்டு. ஆனால் அதே மனிதர் இறப்பதற்கு முந்திய பத்து ஆண்டுகளில், இரத்த அழுத்த மாத்திரை முடிந்துபோன ஒரு நாளில், அல்லது குளியலறையில் வழுக்கி விழுந்த ஓர் இரவில், யாரை அழைப்பது என்ற கேள்விக்கு அவரிடமும் விடையில்லை, ஊரிடமும் விடையில்லை.

கண்டியிலிருந்து பேராதனை, கலஹா ஊடாக ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் ஏறிச்சென்றால் வருகின்ற ஊர் தெல்தோட்டை. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இதற்கு அண்மையிலேயே இருக்கிறது. கடைத்தெருவையும் அதனைச் சூழவும் முஸ்லிம்கள், மலைச்சரிவுகளில் தோட்டத் தமிழர்கள், பள்ளத்தாக்குகளில் சிங்கள விவசாயிகள் என்று இந்தப் பிரதேசம் கலந்தே வாழ்ந்து வந்திருக்கிறது. இன்று இம்மூன்று சாராருக்கும் பொதுவான ஒரு காட்சி உண்டு. மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறான். அல்லது கட்டாரில் இருக்கிறான். மகள் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். வீட்டிலே முதியவர் ஒருவர், பெரும்பாலும் விதவையான ஒரு தாய். சில வீடுகளில் அந்தத் தாயின் பொறுப்பில் இரண்டு பேரப்பிள்ளைகள். பராமரிக்கப்பட வேண்டியவர் என்று நாம் கருதுகின்றவரே பராமரிப்பாளராகவும் இருக்கிறார் என்பதைப் புள்ளிவிபரங்கள் காட்டுவதில்லை.

2012 ஆம் ஆண்டு குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையரில் 60 வயதைத் தாண்டியோர் 12.4 சதவீதம், அதாவது எட்டுப் பேருக்கு ஒருவர். 2024 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 65 வயதைத் தாண்டியோர் மாத்திரமே ஏறக்குறைய அதே விகிதத்தை எட்டிவிட்டனர். செல்வந்த நாடாகிய பின்னர் முதுமையடைந்த ஜப்பானைப் போலன்றி நாம் செல்வம் சேருமுன்னரே முதுமையடைகிறோம் என்று பொருளியலாளர்கள் சொல்வது வழக்கம். அது உண்மைதான். எனினும் இப்பிரதேசத்தைப் பொறுத்தவரை பிரச்சினை பணம் மாத்திரமன்று.

முதியவர் ஒருவர் தமது வீட்டில், தமது விருப்பப்படி வாழ்வது என்றால் என்ன? அது பெரிய தத்துவமன்று. லயன் அறையிலிருந்து மலசலகூடத்துக்குச் செல்லும் படிக்கட்டில் கைபிடிப்பதற்கு ஒரு கம்பி. கண்ணில் வெண்படலம் படர்ந்திருந்தால் அதனை அகற்றுவதற்கு ஒரு திகதி. கிளினிக் நாளன்று விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்க இயலாவிட்டால் மருந்தை எடுத்துவர ஓர் ஆள். ஐயாயிரம் ரூபாய் கொடுப்பனவை எடுக்கும் வங்கி அட்டையும் அதன் இரகசிய இலக்கமும் பேரனிடமன்றி அவரிடமே இருத்தல். வாரத்துக்கு இரு முறையேனும் வாசலில் நின்று பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குரல். இவை இருந்தால் அவர் தமது அடுப்பில் தாமே சமைத்துக்கொண்டு இன்னும் பல ஆண்டுகள் தலைநிமிர்ந்து வாழ்வார். இவற்றுள் ஒன்றிரண்டு இல்லாமற் போனாலே அவர் விரும்பாத இடத்துக்கு, மகளின் கொழும்பு வாடகை வீட்டின் ஒரு மூலைக்கோ முதியோர் இல்லத்துக்கோ, பெயர்க்கப்படுகிறார்.

இத்தேவைகளுக்கு அரசிடம் எதுவுமில்லை என்று சொல்வது தவறு. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. அதன் கீழ் தேசிய முதியோர் சபையும் செயலகமும் அமைந்தன. பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் நியமிக்கப்பட்டார்கள். கிராம உத்தியோகத்தர் பிரிவுதோறும் முதியோர் சங்கம் அமைக்க ஏற்பாடு உண்டு. 60 வயது பூர்த்தியானவருக்கு முதியோர் அடையாள அட்டை கிடைக்கும். குறைந்த வருமானமுள்ள 70 வயதைக் கடந்தோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. சக்கர நாற்காலிக்கும் ஊன்றுகோலுக்கும் விண்ணப்பிக்க வேண்டிய இடம் சமூக சேவை உத்தியோகத்தரின் மேசை. வறிய முதியோருக்குக் கண்புரை சத்திரசிகிச்சையை இலவசமாகச் செய்விக்கும் பணியில் ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்கா நிறுவனம் நெடுங்காலமாக ஈடுபட்டிருக்கிறது. அவசர நோயாளர் வண்டிக்கு 1990 என்ற இலக்கம் நாடெங்கும் இயங்குகிறது.

ஆனால் இந்தச் சேவைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. ஒரு கதவைத் தட்டியவருக்கு அடுத்த கதவைக் காட்டுவார் இல்லை. கொடுப்பனவு பற்றி விசாரிக்கச் செல்லும் மூதாட்டியிடம் அவரது கண்பார்வை பற்றி எவரும் கேட்பதில்லை. கண் சிகிச்சைக்குச் செல்பவரிடம் வீட்டில் யார் இருக்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. சிங்களத்தில் மாத்திரம் நிரப்பப்படும் படிவம், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் விடுமுறையில் என்ற பதில், மறுநாள் மீண்டும் முச்சக்கர வண்டிக்கு எண்ணூறோ ஆயிரமோ. மூன்றாம் முறை அவர் போகமாட்டார். 'எனக்கென்ன இனி' என்று இருந்துவிடுவார்.

தோட்டத்து முதியோருக்கு இதற்கும் மேலாக ஓர் இடர் உண்டு. தேசிய அடையாள அட்டையில் ஒரு பெயர், ஊழியர் சேமலாப நிதி ஆவணத்தில் இன்னொரு பெயர், பிறப்புச் சான்றிதழே இல்லை அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ். 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் அதனைத் தொடர்ந்த நாடு கடத்தல்களும் குடும்பங்களை மட்டுமன்றி அவர்களின் கடதாசிகளையும் சிதறடித்தன. 2003 இல் நிறைவேற்றப்பட்ட சட்டம் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்த்ததாயினும், எழுத்துப் பிழையோடு எழுதப்பட்ட பெயர்களை அது திருத்தவில்லை. எழுபது வயதை நிரூபிக்க முடியாதவருக்கு எழுபது வயதுக்கான கொடுப்பனவு எட்டாக்கனிதான்.

ஓய்வுபெற்ற தொழிலாளிக்குச் சேரவேண்டிய சொந்தப் பணமும் இவ்விடத்தில் நினைவுகூரப்பட வேண்டும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகள் பணிபுரிந்த நாட்கூலித் தொழிலாளி சேவையிலிருந்து நீங்கும்போது ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம் பணிக்கொடையாக வழங்கப்பட வேண்டும். அதுவும் 30 நாட்களுக்குள். அரசுக்குச் சொந்தமான பெருந்தோட்ட நிறுவனங்கள் இப்பணத்தையும் சேமலாப நிதிப் பங்களிப்பையும் நிலுவையாக வைத்திருந்த கதை பாராளுமன்றத்திலேயே பலமுறை பேசப்பட்டது. முப்பது, நாற்பது வருடங்கள் கூடை சுமந்த ஒரு பெண்ணுக்கு அந்தத் தொகை உரிய காலத்தில் கிடைத்திருந்தால் படிக்கட்டுக் கம்பிக்கு அவர் யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் இருக்கும்போது அரசும் ஊரும் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்போர் நம் இரு சமூகங்களிலும் உண்டு. பெற்றோரைப் பேணுவது இஸ்லாத்தில் இறைவணக்கத்துக்கு அடுத்த கடமையாகச் சொல்லப்படுகிறது. தமிழர் மரபும் அன்னையையும் பிதாவையும் தெய்வ நிலையில் வைத்தே பேசுகிறது. இவற்றை மறுப்பவர் யாருமில்லை. 2000 ஆம் ஆண்டுச் சட்டமும் பிள்ளைகளின் கடமையை வலியுறுத்தி, கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் முறையிட வழி செய்திருக்கிறது. ஆனால் எந்தத் தாய் தன் மகனுக்கு எதிராக மனு எழுதுவாள்? மகன் கெட்டவன் என்பதுமன்று. டோகாவிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்புகிறான். பணம் வந்துவிடுகிறது, மருந்து எடுத்துவர ஆள் வருவதில்லை. இந்த இடைவெளியைக் கடமை பற்றிய சொற்பொழிவுகளால் நிரப்ப முடியாது.

ஒப்பீட்டுக்கு ஒன்றைச் சொல்லலாம். இந்நாட்டில் ஒரு பெண் கருவுற்றால் அந்தச் செய்தி குடும்பநல மாதுவின் கொப்பியில் ஏறிவிடுகிறது. அவர் வீடு தேடி வருகிறார், எடை பார்க்கிறார், கிளினிக்குக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கிறார். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையிலிருந்து படிப்படியாக வளர்ந்த ஏற்பாடு இது. தாய்சேய் மரணங்களைக் குறைத்ததில் இலங்கை பெற்றிருக்கும் நற்பெயருக்கு இந்தக் கொப்பியும் ஒரு காரணம். வாழ்க்கையின் தொடக்கத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தேடிவரும் அரசு, அதன் முடிவில் அவரே தன்னைத் தேடிவர வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. 2020 இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகள் தபாற்காரர் மூலம் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. முடியாத காரியமாயிருந்தால் அன்றும் முடிந்திராது.

கேரளத்தின் மலப்புறம், கோழிக்கோடு மாவட்டங்களில் நடந்திருப்பது நமது முஸ்லிம் வாசகர்களின் கவனத்துக்குரியது. 2001 அளவில் அங்கு படுக்கையிலிருக்கும் நோயாளரையும் முதியோரையும் வீடு சென்று பார்க்கும் அயலவர் வலையமைப்பு உருவானது. கடைக்காரரும் மாணவரும் இல்லத்தரசியரும் வாரத்தில் சில மணி நேரம் கொடுத்தனர். உள்ளூர் நன்கொடைகளே முதலாக அமைந்தன. பள்ளிவாசல், கோயில், தேவாலயம் என்ற பேதமின்றி உதவி பெறப்பட்டது. 2008 இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கையொன்றை அறிவித்து ஊராட்சிகளை அதனுள் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டு வாசலில் சேர்ப்பிக்கிறது. இங்கிலாந்திலோ 2014 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், எந்த உதவி எங்கே கிடைக்கும் என்ற தகவலை மக்களுக்கு வழங்குவதையே உள்ளூராட்சி சபைகளின் கடமையாக்கியிருக்கிறது. வழிகாட்டுவதும் ஒரு சேவை என்று அந்நாடு சட்டத்திலேயே எழுதிவிட்டது.

நமது பிரதேச சபைகள் தெருவிளக்கையும் வடிகானையும் தாண்டி யோசிப்பதில்லை. 2018 வரை தோட்டங்களுக்குள் பணம் செலவிடச் சட்டம் இடந்தரவில்லை என்ற நியாயம் அவற்றுக்கு இருந்தது. அவ்வாண்டுத் திருத்தத்துடன் அந்தத் தடை நீங்கிவிட்டது. ஆகவே தெல்தோட்டைக் கடைத்தெருவில், பஸ் நிற்கும் இடத்துக்கு அருகில், வாரத்தில் இரு நாட்கள் தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவர் அமர்ந்திருக்கும் ஒரு மேசை போடுவதற்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ வேண்டியதில்லை. பிரதேச செயலக உத்தியோகத்தர் ஒரு நாளும், பயிற்சி பெற்ற தொண்டர் ஒரு நாளும் இருந்தால் போதும்.

எஞ்சியதைச் செய்யக்கூடியவை நாம் தொடக்கத்திற் குறிப்பிட்ட அதே சங்கங்கள்தாம். பள்ளிவாசல் ஜமாஅத் தனது மஹல்லாவின் ஒவ்வொரு வீட்டையும் அறியும். ஸகாத்தைக் கூட்டாகத் திரட்டும் ஊர்களில், ஏழைகளுக்குரிய பங்கிலிருந்து வறிய முதியோரின் மருந்துப் போக்குவரத்துக்கு உதவுவது மார்க்கத்துக்கு முரணானதா என்ற ஐயம் எழ வேண்டிய அவசியமில்லை. உலமாக்கள் அதனைத் தெளிவுபடுத்தலாம். தோட்டத்து மரண உதவிச் சங்கம் எந்த லயத்தில் யார் தனியாக இருக்கிறார் என்பதைச் சொல்லும். சிரமம் எங்கேயென்றால், பள்ளிவாசலின் பட்டியல் ஜமாஅத்தோடு முடிந்துவிடுகிறது. தோட்டத்தின் பட்டியல் எல்லைக் கல்லோடு முடிந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே, இரண்டிலும் பெயரில்லாத முதியவர்கள் இருக்கிறார்கள். கிராம முதியோர் சங்கம் இவற்றை ஒன்றாகக் கோக்க வேண்டிய இடம். ஆனால் பல ஊர்களில் அது ஒக்டோபர் முதலாம் திகதி முதியோர் தினத்தன்று பொன்னாடை போர்த்திப் படமெடுத்துக்கொள்ளும் சங்கமாகவே இருந்துவருகிறது.

பராமரிப்புப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் செல்கிறார்கள். தோட்டத்துப் பெண்கள் கொழும்பிலுள்ள வசதி படைத்தோரின் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஊரில் அந்த வேலைக்குச் சம்பளம் கொடுப்பாரில்லை. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் ஆளுக்கொரு பங்கு அனுப்பி, ஒரு பெண்ணை முறையாக நியமித்தால் ஐந்து வீடுகளுக்கு அவர் சுற்றி வரலாம். ஒரு குடும்பத்துக்குப் பாரமாயிருப்பது ஐந்துக்குப் பாரமாயிராது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டம் பேரிழப்பைச் சந்தித்தது. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் இளையோர் ஓடிவிடலாம். நடக்க முடியாதவரைத் தூக்கிவர வேண்டும். அதற்கு முதலில் அவர் எந்த வீட்டில், எந்த அறையில் இருக்கிறார் என்பது யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு ஒரு பட்டியல் போதுமானது: பெயர், வயது, தனியாக இருக்கிறாரா, நடக்கிறாரா, என்ன மருந்து, பிள்ளையின் தொலைபேசி இலக்கம், அவசரத்துக்குக் கதவைத் திறக்கக்கூடிய அயலவர் யார். இது வேண்டாதவர் கையில் சேராதபடி கிராம உத்தியோகத்தரிடமும் சங்கச் செயலாளரிடமும் மாத்திரம் இருக்க வேண்டும். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை திருத்தப்பட வேண்டும். அடுத்த பருவமழைக்கு முன்னர் தெல்தோட்டையின் மரண உதவிச் சங்கங்களும் ஜமாஅத்துகளும் தத்தமது கொப்பிகளை எடுத்துக்கொண்டு ஒரு பிற்பகல் பிரதேச செயலகத்தில் கூடினால் அதன் பெரும்பகுதியை அன்றே எழுதிவிடலாம்.